பகிர்ந்து சாப்பிட ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்

சென்ற மாதம் எங்கள் திருமண நாள் வந்தது. வழக்கமாக அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு, மாதுங்காவில் இலை போட்டு ஒரு சாப்பாடு சாப்பிடுவோம். அத்தோடு விசேஷம் முடிந்துவிடும். இந்தத் தடவை மகனும் மருமகளும் விடவில்லை. "அப்பா, இந்த வருஷம் வேற இடம். லோயர் பரேலில் ஒரு ரெஸ்டாரண்ட். ஃப்யூஷன் சாப்பாடு. சின்னச் சின்னத் தட்டில் வரும். எல்லாரும் பகிர்ந்து சாப்பிடணும்" என்றான் மகன். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேத்தி குதித்தாள். வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

அந்த உணவகம் ஒரு பழைய மில் வளாகத்துக்குள் இருக்கிறது. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் பல மில்கள் திறக்கவே இல்லை. அந்த இடங்களில்தான் இன்று கடைவளாகங்களும் அலுவலகங்களும் இம்மாதிரி உணவகங்களும் நிற்கின்றன. என் மருமகள் மராட்டியப் பெண். அவளுடைய தாத்தா இந்தப் பக்கத்து மில் ஒன்றில் தறி ஓட்டியவர். "ஆஜோபா இந்த கேட்டில்தான் ஷிஃப்ட்டுக்கு நிற்பாராம்" என்று ஒரு சுவரைக் காட்டினாள். பிறகு அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் அவசரக் கதவு எங்கே என்று பார்த்தது. ரயில்வேக்காரனின் பழக்கம் என்று மகன் சிரித்தான். சிரிக்கட்டும். 2017 டிசம்பர் 29 அன்று இதே லோயர் பரேலில், கமலா மில்ஸ் வளாகத்து மாடி உணவகத் தீயில் 14 பேர் இறந்தார்கள். வெளியே சாப்பிடப் போகும் அன்பர்கள் மெனு கார்டைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி சாப்பாட்டு விஷயம். மெனு கார்டில் இருந்த பெயர்களைப் படிக்க மூக்குக் கண்ணாடி போதவில்லை. மருமகள் துணை வேண்டியிருந்தது. 'கர்ட் ரைஸ் ஆரன்சினி' என்று ஒன்று. ஆரன்சினி என்பது இத்தாலியில் சோற்றை உருண்டை பிடித்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிப்பது. அந்த முறையில் நம் தயிர்சாதத்தை உருட்டிப் பொரித்திருக்கிறார்கள். மேலே கடுகு, கறிவேப்பிலை தாளிதம்; பக்கத்தில் மாவடு ஊறிய நீரில் செய்த ஏதோ ஒரு குழம்பு. மூன்று உருண்டை, 525 ரூபாய். குழிப்பணியாரத்துக்குள் ஆட்டுப்பால் சீஸ் வைத்தது நான்கு. மிளகாய்ப்பொடி கலந்த வெண்ணெயோடு புளித்த மாவு ரொட்டி இரண்டு துண்டு. மருந்து குடிக்கும் அளவுக் கண்ணாடிக் குப்பியில் ரசம்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உள்ளதைச் சொன்னால் தயிர்சாத உருண்டை மிக நன்றாக இருந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குளிர்ச்சி. ஆறு வயதிலிருந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவன் சொல்கிறேன், அதைச் செய்தவருக்குக் கைமணம் இருக்கிறது. "நம்ம சாப்பாட்டைக் கெடுக்கிறான்கள்" என்று கோபப்படும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் தினமும் சாப்பிடுவதும் கலப்புச் சாப்பாடுதான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஐரோப்பியக் கப்பல்களில் வந்து இறங்கியவை. மும்பையின் வடா பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாவ் போர்த்துகீசியர் ரொட்டி. உள்ளே இருக்கும் உருளைக்கிழங்குக்கு மராட்டியில் 'படாடா' என்று பெயர். அந்தப் பெயரும் போர்த்துகீசியரிடமிருந்து வந்ததுதான். மஞ்சூரியன் என்று நம் பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்குவது சீனத்துச் சமையல் அன்று. 1975-ல் இதே மும்பையில், கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் நெல்சன் வாங் என்ற சமையற்காரர் செய்து பார்த்ததாகத்தான் அதன் கதை தொடங்குகிறது. ஆகவே கலப்பு புதிதன்று. விலைதான் புதிது.

புதிதாக எனக்குப் பட்ட இன்னொன்று, அந்தத் தட்டுகள் வரும் விதம். சர்வர் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார்: "சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும், சார்." இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண ஹோட்டலில் ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டால், ஐந்தும் ஒரே சமயத்தில் சூடாக மேஜைக்கு வரவேண்டும். ஒன்று தாமதித்தால் மற்ற நான்கும் காத்திருந்து ஆறிப்போகும். இங்கே அந்தத் தொல்லை சமையலறைக்கு இல்லை. தவிர, சிறு தட்டில் வயிறு நிறைந்ததா இல்லையா என்பது சாப்பிடுகிறவனுக்கே தெரிவதில்லை. இன்னும் இரண்டு தட்டு சொல்லிவிடுகிறான். ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்தச் சிறிய மேஜையிலோ ஒரே நேரத்தில் ஐந்து தட்டுகள். ஸ்பெயினில் இதற்குத் 'தபாஸ்' என்றும், துருக்கி, லெபனான் பக்கம் 'மெஸ்ஸே' என்றும் பெயர். அங்கெல்லாம் இது நெடுங்காலப் பழக்கம்.

நமக்கு அப்படி இல்லை. நம் இலையிலும் சின்னச் சின்னதாகப் பல பதார்த்தங்கள் உண்டு. ஆனால் என் இலை என்னுடையது, உங்கள் இலை உங்களுடையது. பரிமாறுகிறவர் கை மட்டும்தான் பொது. அந்தக் கரண்டி இலையில் பட்டுவிட்டால்கூட அடுத்த இலைக்குப் போகாது. ஹோட்டல்களிலும் அதே முறை. சாதாரணச் சாப்பாட்டு ஹோட்டல்களில் 'ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்ந்து உண்ண அனுமதி இல்லை' என்று பலகை மாட்டியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். நூற்றைம்பது ரூபாய்ச் சாப்பாட்டைப் பகிரக்கூடாது. ஐந்நூறு ரூபாய்த் தட்டைப் பகிர்ந்தே ஆகவேண்டும்! இதை நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தயிர்சாத உருண்டைத் தட்டு வந்தது.

நாங்கள் ஐந்து பேர், உருண்டை மூன்று. பொறியியல் டிப்ளமாவை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போடுவதற்குள் என் பேத்தி ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தாள். "தாத்தா, சூப்பரா இருக்கு, இந்தாங்க" என்று மீதிப் பாதியை என் தட்டில் வைத்தாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததற்குக் காரணம் உண்டு. நான் ஆசாரமான சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய விஷயம். டம்ளரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். அம்மா கடித்த முறுக்கைக்கூட வாங்கித் தின்றதில்லை. பத்து வினாடி அந்தப் பாதி உருண்டையைப் பார்த்தேன்; பிறகு சாப்பிட்டேன். பேத்தி எதையும் கவனிக்கவில்லை. அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

அது வரைக்கும் சரி. பேத்தியின் எச்சில் யாருக்குத்தான் இனிக்காது? அடுத்து வந்த தட்டுதான் என்னை உலுக்கிவிட்டது. மருமகள் ஆசைப்பட்டுக் கேட்டது அது. உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கேழ்வரகு பாக்ரித் துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு தேச்சா. அதாவது பச்சைமிளகாயையும் பூண்டையும் நிலக்கடலையோடு வாட்டி இடித்தது. அதன் மேல் வெண்ணெயும் ஏதோ ஒரு பூவிதழும். விலை 495 ரூபாய்.

இதே பாக்ரியும் தேச்சாவும் ஒரு காலத்தில் எனக்கு இலவசமாகக் கிடைத்தன. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் ரயில்வேயில் சேர்ந்தது 1981-ல். 1984 வாக்கில் இருப்புப்பாதை ஆய்வாளனாகக் கசாரா - இகத்புரி மலைப்பகுதியில் போட்டார்கள். 37 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது. மேலே ஏறும் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின் மாட்டவேண்டும். மழைக்காலத்தில் பாறை உருளும், மண் சரியும். இரவெல்லாம் ரோந்து. என்னோடு பத்துப் பன்னிரண்டு கேங்மேன்கள். இப்போது அவர்களை 'டிராக் மெயின்டெய்னர்' என்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, சுமக்கும் தண்டவாளத்தின் எடை குறையவில்லை. அவர்களுக்குத் தலைவர் ஒரு மேட். என்னைவிட இருபது வயது மூத்தவர். பாதையில் காதை வைக்காமலேயே எந்த ஸ்லீப்பர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். டிப்ளமாவில் படிக்காததை எல்லாம் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஆடி மாத இரவு. மண் சரிந்து ஒரு பாதை அடைபட்டுவிட்டது. விடிய விடிய வேலை. நடுவில் மழை விட்ட நேரத்தில் எல்லாரும் ஒரு குகைவாய்க்குள் உட்கார்ந்து துணி மூட்டையை அவிழ்த்தார்கள். பாக்ரி, தேச்சா, ஒரு வெங்காயம். ஒரே துணியில் நடுவில் வைத்து எல்லாரும் பிய்த்துச் சாப்பிட்டார்கள். "யா சாஹேப், ஜேவாய்லா" என்று மேட் கூப்பிட்டார். வாருங்கள், சாப்பிட என்று அர்த்தம். எனக்கு நல்ல பசி. சுத்த சைவச் சாப்பாடு, சூடு கூட ஆறவில்லை. ஆனாலும் நான், "இன்றைக்கு உபவாசம்" என்று ஒரு பொய் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்கு வரும்போது இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். உபவாசத்துக்குப் பழம் சாப்பிடலாம் அல்லவா, அதற்காக என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரமும் வாழைப்பழம் வந்தது. அதற்கடுத்தும் வந்தது. நான் உபவாசம் என்று மறுபடி சொல்லவே இல்லை. அவரும் பாக்ரி சாப்பிட மறுபடி கூப்பிடவே இல்லை. மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் இருந்தேன். மூன்று ஆண்டும் எனக்கு வாழைப்பழம்தான். தோல் உரிக்காத பழத்துக்குத் தீட்டில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் என்ன ஆள் என்பதும் முதல் நாளே தெரிந்துவிட்டது. அதை வைத்து ஒரு சொல் சொல்லாமல், என் கௌரவத்துக்கும் பங்கம் வராமல், பசிக்கும் வழி செய்த மனிதர் அவர். அந்த மரியாதையை நான் அவருக்குச் செய்யவில்லை.

நான் வேலை பார்த்த ரயில்வேயின் சரித்திரத்திலேயே இந்த விஷயம் இருக்கிறது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் ஒரு காலத்தில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து குரல் கொடுத்து, 1941-ல் அது நீங்கியது. அது நீங்கி நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பலகை எதுவும் இல்லாத ஒரு குகைவாயில் நானே ஒரு பலகையாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த 495 ரூபாய்த் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. "உங்களுக்குக் காரம் ஒத்துக்கலையா? கண் கலங்கியிருக்கே" என்றாள் மனைவி. "ஆமாம், காரம்" என்றேன். இதுவும் ஒரு பொய்.

பில் வந்தது. உணவுக்கு 6,200 ரூபாய். அதன் மேல் பத்து சதவீதம் 'சேவைக் கட்டணம்' 620. அந்த மொத்தத்துக்கு ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. 341. ஆக 7,161 ரூபாய். இதை அன்பர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்: பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான் மேலாளரைக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். வரியோடு 6,510 ரூபாய் ஆனது. சர்வர் தம்பி கையில் தனியாகக் கொஞ்சம் கொடுத்தோம். அது அவருக்கு நேராகப் போகும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம். பகிர்ந்து சாப்பிடுவதற்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம். யாரோடு பகிர்ந்தோம்? நம் பிள்ளை, நம் பேத்தியோடு. அந்த மேஜையில் வெளியாள் ஒருவர்கூட இல்லை. இம்மாதிரி உணவகங்களுக்கு இன்று நல்ல கூட்டம் இருக்கிறது. படித்த இளைஞர்கள் ஒரே தட்டில் நான்கு முள்கரண்டிகளை விட்டுச் சாப்பிடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எச்சில் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அதே இளைஞர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்வோருக்குத் தனி லிஃப்ட் என்று எழுதி வைத்திருப்பதையும் பார்க்கிறேன். எச்சிலைத் தாண்டிவிட்டோம், ஆளைத் தாண்டவில்லை.

"இது சுகாதாரம் சம்பந்தப்பட்டது, சாதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். 2020-ல் கொரோனா வந்தபோது, பார்த்தீர்களா நம் பெரியவர்களின் எச்சில் ஆசாரம் எவ்வளவு உயர்ந்தது என்று பலர் பேசினார்கள். சுகாதாரம் வேண்டியதுதான். பொதுத் தட்டுக்குப் பொதுக் கரண்டி போடுங்கள், கையைக் கழுவுங்கள், காய்ச்சல்காரர் தனியாகச் சாப்பிடட்டும். அதில் எனக்கு எதிர்வாதம் இல்லை. ஆனால் குகைவாயில் நான் மறுத்தது எச்சில் பாக்ரியை அன்று. மூட்டையிலிருந்து அப்போதுதான் எடுத்த, யார் வாயும் படாத முழு பாக்ரியைத்தான் மேட் நீட்டினார். சுகாதாரம் என்று நான் அதற்குப் பெயர் வைத்தால் அது மூன்றாவது பொய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் பதினொரு ஆண்டுகளாக வருகிறார். நம் டம்ளர், தட்டு எல்லாவற்றையும் கழுவுவது அவர் கைதான். அவருக்கு டீ கொடுக்க மட்டும் ஒரு தனி டம்ளர், சமையலறை ஜன்னல் விளிம்பில். யார் அப்படி வைத்தது என்று கேட்டால் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. யாரும் முடிவு செய்து வைத்ததில்லை. தானாகவே அங்கே போய் நின்றுவிட்டது. அன்றிரவு மனைவியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் கவனிச்சிருக்கேங்க. எப்படி மாத்துறதுன்னுதான் தெரியலை" என்றாள். மறுநாள் எங்கள் டம்ளரிலேயே டீ ஊற்றி வைத்தாள். அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. ஜன்னலுக்குப் போய்த் தன் டம்ளரை எடுத்து வந்து அதில் ஊற்றிக்கொண்டார். பழக்கம் இரண்டு பக்கமும் ஊறிக் கிடக்கிறது. நான்காம் நாள் ஜன்னல் டம்ளரை நாங்களே எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். இப்போது எது கையில் கிடைக்கிறதோ அதில் குடிக்கிறார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

நம் சங்கத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் நல்ல சாப்பாடு போடுகிறோம். முதல் பந்தியில் சிறப்பு விருந்தினர், அடுத்து உறுப்பினர் குடும்பங்கள். சமையற்காரரின் உதவியாளர்கள், ஒலிபெருக்கி போடும் பையன்கள், மண்டபக் காவலாளி, விருந்தினரின் டிரைவர்கள் இவர்கள் எல்லாரும் மூன்று மணிக்கு மேல், இருப்பதை வைத்துக்கொண்டு, சமையற்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடுகிறார்கள். நானும் இரண்டு ஆண்டு விழாக்குழுவில் இருந்தவன். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஒரு யோசனை சொல்கிறேன். வருகிற பொங்கலில் இவர்களும் முதல் பந்தியில் நம்மோடு கலந்து உட்காரட்டும். தனி வரிசை வேண்டாம்; நடுநடுவே உட்காரட்டும். நிர்வாகக் குழுவினர் பரிமாறட்டும்; இடுப்பு வலி இருந்தாலும் சாம்பார் வாளியை நான் தூக்குகிறேன். சமையல் முடிந்த பிறகுதானே பந்தி? அந்த அரைமணி நேரம் அடுப்படியில் ஆள் இல்லாவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது. இதற்குச் சங்க நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கூடுதலாக வேண்டியது பதினைந்து இலை. அந்தப் பதினைந்து இலையையும் நானே வாங்கி வருகிறேன்.

அந்த மேட் இன்று உயிரோடு இருந்தால் எண்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். இகத்புரியை விட்டு மாற்றலாகி வந்த அன்று அவர் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.